கடலோரத்தில் ஒரு கார்பன் கத்தி: அலகுக்கு எந்த ஃபினிஷ்?

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் என்ன எஃகு என்று விசாரிப்பார்கள், பிடி என்ன மரம் என்று கேட்பார்கள். அலகின் மேற்பரப்பைப் பற்றி மட்டும், பளபளவென்று இருக்க வேண்டுமா, கறுப்பாக இருக்க வேண்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துருப் பிடிக்கக்கூடிய எஃகாக இருந்தால், கத்தி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் பாதியைத் தீர்மானிப்பதே அந்த மேற்பரப்புதான். எங்கள் வீடு திருவான்மியூரில் இருக்கிறது, கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் கம்பியில் பூசிய பெயின்ட் உப்புக் காற்றில் உரிந்துகொண்டே இருக்கும் ஊர். அங்கே ஒரு கார்பன் எஃகுக் கத்திக்கு ஃபினிஷ் தேர்ந்தெடுத்துச் செய்து முடித்த விவரத்தை எழுதிவைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

கத்தி, ஓப்பினெல் 8-ஆம் எண். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவ்வாவில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய கத்தி இது. 1897-இல் 1 முதல் 12 வரை அளவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். 8-ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளம், பீச் மரப் பிடி. கழுத்தில் திருகிப் பூட்டுகிற எஃகு வளையத்தை 1955-இல் மார்செல் ஓப்பினெல் சேர்த்தார், அதற்கு விரோப்ளாக் என்று பெயர். இதே கத்தி ஸ்டெயின்லெஸ் அலகோடும் வருகிறது, கார்பன் அலகோடும் வருகிறது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல வேண்டுமானால் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். கார்பன் அலகில் குரோமியத்தை எதிர்பார்க்க முடியாது. அதில் இருப்பது சுமார் 0.9 சதவீதம் கார்பன். அதனால்தான் சாதாரணக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தாலே கூர் வந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சுகம் வேண்டும். அதற்கு விலையாகத் துருவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபினிஷை முடிவு செய்வதற்கு முன்னால் கத்தி எதை வெட்டப்போகிறது என்று பார்க்க வேண்டும். என் கத்தி வெட்டுவது பெரும்பாலும் மாம்பழம், கொய்யா, எலுமிச்சை. அப்புறம் பார்சல் அட்டை, தேங்காய் நார்க் கயிறு. பழம் என்றால் புளிப்பு, புளிப்பு என்றால் அமிலம். வாயில் வைக்கிற பொருளை வெட்டுவதால் அலகில் விஷப் பொருள் எதுவும் ஏறக்கூடாது. கடல் காற்று இருக்கவே இருக்கிறது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தாலே பாதித் தேர்வுகள் கழிந்துவிடும். துப்பாக்கிக்குப் பூசுகிற 'கோல்ட் ப்ளூ' திரவம் ஐந்து நிமிடத்தில் அழகான கறுப்பைத் தரும். ஆனால் அந்த வகைத் திரவங்களில் வழக்கமாக இருப்பது செலினியம் டை ஆக்சைடு. பழம் வெட்டும் கத்திக்கு அது வேண்டவே வேண்டாம். டி.எல்.சி. என்கிற வைரத்தன்மை கொண்ட கார்பன் பூச்சு, வெற்றிட அறைக்குள் சில மைக்ரான் கனத்தில் ஏற்றுவது. மிகக் கடினமானது, நல்லதும்கூட. ஆனால் வீட்டு வேலை இல்லை. அலகைப் பிடியிலிருந்து முழுவதும் கழற்ற வேண்டும், ஓப்பினெலில் அதற்கு அடித்து விரித்த ஆணியைத் தட்டி எடுக்க வேண்டும். ஒருமுறை தீட்டியதும் கூர்வாயில் அந்தப் பூச்சு இருக்கப்போவதும் இல்லை.

மணல் அல்லது கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசி மங்கலாக்குகிற 'பீட் பிளாஸ்ட்' ஃபினிஷ் பார்வைக்குப் பட்டுப்போல இருக்கும். கடலோரத்துக்கு இதைவிட மோசமான தேர்வு கிடையாது என்பது என் அழுத்தமான கருத்து. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குழிகள், ஒவ்வொன்றிலும் ஈரமும் உப்பும் தங்கும். துடைத்தாலும் துணி அந்தக் குழிக்குள் போகாது. ஸ்டெயின்லெஸ் கத்திகளிலேயே இந்த ஃபினிஷ் போட்டவை சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும்.

கற்களோடு போட்டு உருட்டுகிற 'ஸ்டோன்வாஷ்' நியாயமான ஃபினிஷ். ஏற்கெனவே எங்கும் கீறல் இருப்பதால் புதிய கீறல் தெரியாது. முதலில் ஃபெரிக் குளோரைடில் முக்கிக் கறுப்பாக்கி, பிறகு உருட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படும் அதே ஃபெரிக் குளோரைடு, ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் அலகு தனியாகக் கையில் இருந்தால்தான் உருட்ட முடியும். மரப் பிடியோடு சேர்த்து உருட்டினால் பிடி போய்விடும்.

மீதி இருந்தது இரண்டு: கண்ணாடிப் பாலிஷ், அல்லது உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்க்கிற சாட்டின். அதன்மேல் கறுப்புப் படலம் ஏற்றுவதா வேண்டாமா என்பது அடுத்த கேள்வி.

இதைப் புத்தியால் மட்டும் தீர்க்க மனசு வரவில்லை. தீட்டித் தீட்டிக் குறுகிப்போன பழைய ஓப்பினெல் கார்பன் அலகு ஒன்று இருந்தது. அதில் பட்டை பட்டையாக மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பட்டையை 180-ஆம் எண் உப்புத்தாளில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) முரட்டுத்தனமாக விட்டேன், ஒன்றை 400, ஒன்றை 800, ஒன்றை 2000 வரை கொண்டுபோய் பச்சைப் பாலிஷ் பசையால் மினுக்கினேன். எலுமிச்சைச் சாற்றைத் தடவித் துடைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றி மொட்டைமாடி நிழலில் வைத்தேன். மறுநாள் காலையில் 180 பட்டை முழுக்க ஆரஞ்சு. 400-இல் கோடு கோடாக, தேய்த்த தடத்தைப் பிடித்துக்கொண்டு துரு ஓடியிருந்தது. 800-இலும் மினுக்கிய பட்டையிலும் அங்கங்கே புள்ளிதான். அந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 800-க்கு மேல் போகும் உழைப்பு கண்ணுக்காகத்தான், துருவுக்காக இல்லை. தவிர, மினுக்கிய அலகில் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டினாலே கீறல் பளிச்சென்று தெரியும். வேலை செய்கிற கத்திக்கு அது ஒத்துவராது. ஆக, 800 சாட்டின், அதன்மேல் கறுப்புப் படலம் என்று முடிவாயிற்று.

முதலில் விரோப்ளாக் வளையத்தைக் கழற்ற வேண்டும். வெளிப்பக்கம் விரிக்கிற சர்க்ளிப் பிளையரை வளையத்தின் பிளவில் வைத்து, தேவையான அளவுக்கு மட்டும் விரித்து மேலே உருவினால் வந்துவிடும். அதிகம் விரித்தால் வளையம் திரும்பப் பழைய இறுக்கத்துக்கு வராது. உள்ளே நிலையாக இருக்கும் இன்னொரு பட்டை அச்சாணியோடு பிடித்திருக்கும், அதைத் தொட வேண்டியதில்லை. அப்புறம் கூர்வாயை மழுக்கிவிட வேண்டும். கல்லில் வாயைச் செங்குத்தாக வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். தாளோடு விரல் அலகின்மேல் நூற்றுக்கணக்கான முறை போய்வரப்போகிறது, அதனால் இதைத் தவிர்க்கவே கூடாது. பிடிக்கு முழுதாக டேப் சுற்றினேன்.

மேசையில் இறுக்கிய தேக்குக் கட்டையின் விளிம்புக்கு வெளியே பிடி தொங்கும்படி வைத்தால் அலகு கட்டையில் படுத்துக்கொள்ளும். 8-ஆம் எண் அலகு இரண்டு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாதது, அழுத்தினால் வளையும். அடியில் கட்டை முழுவதும் தாங்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அலகின் பக்கங்கள் முதுகிலிருந்து வாய் வரைக்கும் லேசாகப் புடைத்திருக்கும், சமதளம் கிடையாது. கடினமான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் புடைப்பின் உச்சி மட்டும் தேயும். பழைய பெல்ட் தோலை ஒரு மரத்துண்டில் ஒட்டி, அதன்மேல் தாளைச் சுற்றிக்கொண்டேன். தோல் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் தாள் வளைவோடு போகிறது.

தாள் என்றால் பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கும் கறுப்புத் தாள். 320, 400, 600, 800. தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அடிக்கடி தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தூள் தாளில் அடைத்துக்கொண்டு ஆழமான கோடு போடும். பட்டறையில் கொடுத்து பஃபிங் சக்கரத்தில் காட்டினால் கால் மணி நேரத்தில் முடியுமே என்று தோன்றும். கார்பன் எஃகு பதம் ஏற்றியது, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கியது. சக்கரத்தில் சூடேறி 200 டிகிரியைத் தாண்டினால் பதம் இறங்க ஆரம்பிக்கும். வைக்கோல் நிறம் வந்து, 300 வாக்கில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் கூர் நிற்கவே நிற்காது. மெல்லிய வாய்ப்பகுதியில் இது கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும். கையால் தேய்ப்பதில் அந்தப் பயம் கிடையாது.

320-ஐக் குறுக்குச் சாய்வாகத் தேய்த்தேன். தேய்க்கும் முன் அலகு முழுவதும் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டால், மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே தாள் தொடவில்லை என்று தெரிந்துவிடும். மை முழுதும் போனதும் 400, இது எதிர்ச் சாய்வில். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனால்தான் அடுத்த தாளைத் தொடலாம். திசையை மாற்றுவதே அந்தக் கோடுகளை அடையாளம் காணத்தான். டியூப்லைட்டுக்குக் கீழே அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் ஒளிந்திருக்கும் கோடு ஏதாவது ஒரு கோணத்தில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது நகம் வைக்கிற பள்ளத்தை ஒட்டியும், பிடிக்குப் பக்கத்தில் அடியிலும்தான் இருக்கும். அந்த இரண்டு இடத்திலும் தாள் சுலபமாகப் போகாது, மூங்கில் குச்சியின் தட்டையான நுனியில் தாளை மடித்துப் போக வேண்டும். ஓப்பினெலின் சின்னமான கிரீடம் சூடிய கை முத்திரை இருக்கும் இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். அந்தச் சின்னம் 1909-இலிருந்து வருவது, தேய்த்து அழிக்க மனம் வராது.

கடைசி 800 மட்டும் வேறு மாதிரி. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. அடியில் வைத்து முனை வரைக்கும் ஒரே இழுப்பு, எடுத்துவிட்டு மறுபடி அடியிலிருந்து. நடுவில் நின்று திரும்பினால் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு விழும், அது ஒன்றே மொத்த ஃபினிஷையும் கெடுத்துக் காட்டும். சில இழுப்புக்கு ஒருமுறை தாளின் புதுப் பகுதிக்கு மாறிக்கொள்ள வேண்டும். கைக்கு இது பழகியதும் கோடுகள் எல்லாம் நீளவாக்கில் இணையாக விழ ஆரம்பிக்கும். அலகு சாம்பல் வெள்ளையாக, வெளிச்சத்தை ஒரு கோணத்தில் மட்டும் வாரி அடிக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

இனி கறுப்பு. பாட்டினா என்று கத்திக்காரர்கள் சொல்லும் இந்தப் படலத்தைக் கடுகுப் பேஸ்ட் தடவியும், சூடான வினிகரில் முக்கியும், காபியில் ஊறவைத்தும் வரவழைக்கிறார்கள். நம் சமையலறையில் இது புதிதே இல்லை. அரிவாள்மனையில் வாழைப்பூவோ வாழைக்காயோ நறுக்கினால் இரும்பும் கறுத்துப்போகும், கையும் கறுத்துப்போகும். துவர்ப்பில் இருக்கும் டானின்தான் காரணம். அமிலம் எஃகிலிருந்து கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் கொடுக்க, டானின் அதைப் பிடித்துக்கொண்டு, காற்றும் சேரும்போது கருநீலமாக இறுகுகிறது. தண்ணீரில் கரையாது. கலம்காரியில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணியின்மேல், இரும்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீரால் எழுதும்போது கறுப்பு வருவதும் இதே வேலைதான். டானின் என்றால் கடுக்காயை விட்டு வேறெங்கே போவது? நாட்டு மருந்துக் கடையில் ஒரு கைப்பிடி வாங்கிவந்தேன்.

கொட்டையை நீக்கி, தோலை இடித்து, அரை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டேன். அதில் நாலு ஸ்பூன் டஸ்ட் டீயும் போட்டு மூடி வைத்து, வடிகட்டி, கால் பங்கு வெள்ளை வினிகர் சேர்த்தேன். வெறும் கடுக்காயிலும் கறுப்பு வருகிறது, ஆனால் மெதுவாக. வினிகரில் உள்ள அமிலம் அதை விரைவாக்குகிறது. வெறும் வினிகர் என்றால் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும், விரல் பட்டாலே தேயும்.

முக்குவதற்கு முன் அலகில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. பாத்திரத் திரவத்தால் கழுவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொட்டால் விரல் ரேகை அப்படியே வெளுப்பாகப் பதிந்துவிடும். அச்சு இருக்கும் மூட்டுக்குள் திரவம் ஏறாமல் இருக்க வாஸ்லின் அடைத்தேன். மரத்தில் திரவம் ஏறினால் பீச் ஊதிக்கொண்டு அலகைக் கவ்விவிடும். ஓப்பினெல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஈரத்தில் இறுகிப்போன கத்தியின் பிடி நுனியைக் கட்டையில் ஒரு தட்டு தட்டினால் அலகு வெளியே எட்டிப் பார்க்கும். சவ்வாக்காரர்களின் கைவேலை என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

கத்தியைச் செங்கோணத்தில் பாதி திறந்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் வாய்மேல் பிடியைக் குறுக்காக வைத்தால் அலகு நேராக உள்ளே தொங்கும். பாட்டிலின் சுவரில் படக் கூடாது, பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். வெதுவெதுப்பான சாற்றைப் பட்டைக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றினேன். ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே அலகில் பொடிப் பொடியாகக் குமிழி ஒட்ட ஆரம்பித்தது. அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு குமிழியும் ஒரு புள்ளியாக நிற்கும். அதனால் அவ்வப்போது பிடியை லேசாகத் தட்டிக்கொடுக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை எடுத்து, ஓடும் தண்ணீரில் கழுவி, பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். முதலில் புகை படிந்தது போல, அடுத்து ஈய நிறம், அதற்கும் அடுத்து மழை மேகத்தின் கருநீலம். துடைக்கும்போது பஞ்சில் கருமை வரும். மேலே தளர்வாக நிற்பது அது, போகட்டும். பஞ்சில் வருவது குறைந்து அலகில் நிறம் மாறாமல் நிற்கும்போது போதும்.

அடுத்ததாக ஒரு காரியம் செய்தேன், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் அலகை மட்டும் ஐந்து நிமிடம் பிடித்தேன். படலத்துக்கு இடையே அங்கங்கே சிவப்புத் துரு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கொதிநீரில் அது மேக்னடைட் என்கிற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் துருப் பிடிக்கவைத்துக் கொதிக்கவைத்துக் கறுப்பாக்கியது இந்த முறையில்தான். 100 டிகிரியில் எஃகின் பதத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஆப்ப சோடா கரைத்த நீரில் அலசினேன். அமிலம் மிச்சமிருந்தால் இரவோடு இரவாக மஞ்சள் பூத்துவிடும். நன்றாக உலர்த்தி, வாஸ்லினைத் துடைத்தெடுத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தையல் மெஷின் எண்ணெய் துருவைத் தடுக்கும், ஆனால் பழத்தோடு வயிற்றுக்குள் போகக் கூடாது. நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகிவிடும். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரபின்தான் என் தேர்வு. கெடாது, மணம் கிடையாது, சாப்பிடுகிற தரம். அது இல்லாதபோது தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது.

வளையத்தை மாட்டிவிட்டு, கடைசியாகத் தீட்டினேன். கறுத்த அலகின் ஓரத்தில் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு வந்தது. அந்தக் கோட்டில் எந்த ஃபினிஷும் கிடையாது, வெறும் எஃகு. துரு முதலில் தேடி வருவதும் அதைத்தான். எனவே வெட்டி முடித்ததும் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவருக்குக் கார்பன் அலகை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவருக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. ஓப்பினெல் அதற்குப் போடும் 12 சி 27 எஃகில் 13 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருக்கிறது, கடுக்காய்ச் சாறு அதை ஒன்றும் செய்யாது. அதில் கறுப்பு தேடாமல் சாட்டினோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாம்பழப் பருவம் முழுவதும் இந்தக் கத்தியைப் பயன்படுத்திவிட்டேன். புதிதாக இருந்தபோது கொய்யாவை வெட்டினால் வெட்டிய பக்கம் கறுக்கும், நாக்கில் இரும்பு வாசனை தட்டும். இப்போது இரண்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது, எஃகின் மேற்பரப்பு ஏற்கெனவே வினைபுரிந்து அடங்கிவிட்டதால். மாங்காய்ப் பால் பட்ட இடங்களில் ஊதாவும் செம்பு நிறமுமாகத் தீற்றல்கள் விழுந்திருக்கின்றன. அவற்றை எடுக்க நான் முயலவில்லை, அதுவும் பாட்டினாதான். துரு தலைகாட்டியது ஒரே இடத்தில், நகப் பள்ளத்தின் மூலையில். துணி அங்கே எட்டுவதில்லை. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, ஒரு சொட்டு பாரபின் வைத்துத் தேய்த்தால் வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை அதைச் செய்கிறேன். தீட்டித் தீட்டி வெள்ளைக் கோடு அகலமாகும்போது அந்த ஓரத்தை மட்டும் திரும்பக் கறுப்பாக்க, மிச்சக் கடுக்காயை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.